நொங்கு வண்டிக்குக் குலமில்லை

சித்திரை, வைகாசியில் பள்ளிபாளையம் பக்கம் ரோட்டோரம் நொங்கு சீவுகிறவரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றால், பாதிப் பேருக்குக் கண் நொங்கின்மேல் இல்லை. தின்று எறிகிற காயின்மேல். இரண்டு காய், நடுவில் அச்சாக ஒரு குச்சி, பின்னாலிருந்து தள்ள நுனியில் கவட்டை உள்ள நீளக் கம்பு. அவ்வளவுதான் நொங்கு வண்டி.

செய்து பார்த்தால்தான் அதன் சூட்சுமம் தெரியும். துளை நடுவில் விழாவிட்டால் வண்டி நொண்டும். ஒரு காய் சிறுத்திருந்தால் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். கவட்டை அச்சை இறுக்கிப் பிடித்தால் உருளாது, ரொம்ப அகன்றால் கழன்றுவிடும். கொய்யாக் கவட்டை கெட்டி, முருங்கை ஒடிந்துவிடும். மையம், விட்டம், உராய்வு என்ற சொற்கள் ஆறு வயதுக்குத் தெரியாது, சங்கதி பிடிபட்டுவிடும். சில நாளில் காய் வாடிச் சுருங்கும். மறுபடி முதலிலிருந்து.

கைவேலையைப் படிப்போடு சேர்ப்பது புதிதல்ல; இந்த வட்டாரத்துக்கும் அதில் தொடர்புண்டு. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்போடு தச்சு வேலைக்கும் இடமிருந்தது. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் ராஜாஜி. அவரே முதல்வராக, 1953-இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகச் சொன்னார். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பியது; 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. போனது நல்லதே. தச்சன் பிள்ளைக்கு உளி, நெசவாளி பிள்ளைக்குத் தறி என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்குப் பெயர் கல்வியா?

விசைத்தறிச் சத்தத்திலேயே பிள்ளைகள் வளரும் ஊரில், ‘கைவேலை’ என்றதும் பெற்றோர் மிரள்வதில் தப்பில்லை. நொங்கு வண்டியோ எந்தக் குலத்தின் தொழிலும் இல்லை. அதற்குக் கூலி கிடையாது, விலை கிடையாது. சீசன் முடிந்தால் மறந்துபோகும். சின்னப் பிள்ளைகளின் மரவேலை இந்த அளவில் நிற்பதே சரி என்பேன்.

இதைப் பள்ளியில் செய்ய ஒரே சங்கடம், நொங்குக் காலத்தில் பெரும்பாலும் கோடை விடுமுறை. பள்ளி நடக்கிற நாளில் வருவது ஆடிக் காற்று. அதற்குப் பனையோலைக் காற்றாடி இருக்கிறது. இரண்டு ஓலைத் துண்டை மடித்துப் பின்னி, நடுவில் வேலமுள்ளைக் குத்திக் குச்சியில் செருகினால் சுற்றும். முள் சற்று லூசாக இருக்க வேண்டும், அதுதான் பாடம். ஓலையை நறுக்கித் தருவதை டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றாம் வகுப்புக்கு மடிப்பும் முள்ளும் போதும்; நாலாம் வகுப்பு வந்தால், பக்கத்தில் ஆள் இருக்க, குச்சி சீவக் கத்தியும் கொடுக்கலாம்.