தரையில் எட்டு மணித்தியாலம், வானில் ஆறு

கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோடு பிடித்தால் 215 கி.மீ. அளவுதான். கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா ஏறக்குறைய 4,650 கி.மீ. ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு முதல் துண்டில் இன்றும் ஓர் இரவு போய்விடுகிறது. இரண்டாவதை விமானம் ஆறு மணித்தியாலச் சொச்சத்தில் முடித்துவிடும்.

முன்பு கணக்கே வேறு. மட்டக்களப்பில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடியில் இறங்கி, பம்பாய் வரை மறுபடி ரயிலில் போய், அங்கே மொகல் லைன் கப்பலுக்குக் காத்திருந்த காலம் அது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி மட்டும் ஒரு வாரத்துக்குக் குறையாது. 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடித் துறை போயிற்று.

அதற்குள் ஜெட் விமானம் வந்துவிட்டது. சொன்னால் நம்பச் சிரமம்: அதன் வேகம் அன்றும் மணிக்கு 900 கி.மீ. அளவு, இன்றும் அதுவே. அறுபது வருடமாக வானத்தில் எதுவும் சுருங்கவில்லை, சுருங்கியது தரைதான். மட்டக்களப்பு வழியில், கல்லடியில் 1924இல் கட்டிய பாலத்தில் ஒரு பக்கம் வாகனம் வந்தால் மறுபக்கம் நிற்க வேண்டும். புதிய பாலம் 2013இல் திறந்தது. மன்னம்பிட்டியில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே இரும்புப் பாலம். 2007இல்தான் வாகனங்களுக்குத் தனிப் பாலம் கிடைத்தது. யுத்த காலத்தில் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையை நீட்டி, திரும்ப ஏற வேண்டும். விமானம் தவறிவிடும் என்ற பயத்தில் ஒருநாள் முந்தியே போய்க் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். இப்போது இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேனில் ஏறினால், மகியங்கனை வழியின் பதினெட்டு வளைவையும் தூக்கத்திலேயே கடந்து, விடியலில் கட்டுநாயக்காவில் இறங்கலாம்.

கல்முனையிலிருந்து நாற்பது கி.மீ. தூரத்து மட்டக்களப்பு விமான நிலையமும் 2018இல் பொதுப் பயணிகளுக்குத் திறந்தது. ஆனால் அங்கே சிறு விமானங்களுக்குத்தான் இடம். ஹஜ்ஜாஜிகளுக்கு இன்னும் கட்டுநாயக்காதான்.

தூரம் சுருங்கியதில் இழந்ததும் உண்டு. பயணத்துக்கு முன் வீடு வீடாய்ப் போய் மாப்புக் கேட்பது பழைய வழக்கம். வேலிச் சண்டையில் பேச்சை விட்ட வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். திரும்பி வருவோமா என்பது தெரியாத பயணம் அல்லவா, வாசலில் நின்றவரை யாரும் வெறுங்கையாய் அனுப்பியதில்லை. இப்போது ஒரு குரல் பதிவு எல்லோருக்கும் ஒன்றாய்ப் போகிறது. கேட்கிறார்கள், கை கூப்பும் படம் ஒன்றை அனுப்புகிறார்கள். வேலிச் சண்டை அப்படியே கிடக்கிறது.

கிடைத்ததையும் சொல்ல வேண்டும். ரியாத்தில் வேலை செய்யும் மகனுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்காது. ஆனால் உம்மா உம்றாவுக்கு வருகிறார் என்றால், வெள்ளிக்கிழமையோடு சேர்த்து இரண்டு நாள் கேட்டு மக்காவுக்கு வந்துவிடுகிறான். கல்முனையில் இரண்டு பெருநாளுக்கும் பார்க்காத முகத்தை உம்மா ஹறத்தின் வாசலில் வைத்துப் பார்க்கிறார்.