தோனி அவுட், முகப்புப் பக்கத்துக்கு நெருக்கடி

ஜார்ஜ்டவுன் நாசி கண்டார் உணவுக்கடையின் பெரிய திரையில் கோல் விழுந்து, கூச்சல் ஓய்ந்த பிறகுதான் கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பந்து வலைக்குள் போகும். செயற்கைக்கோள் ஒளிபரப்பைவிட இணைய நேரலை பெரும்பாலும் பல நொடி பிந்தி வருகிறது.

திரைப்படத்துக்கு உடனுக்குடன் அனுப்பும் அவசரம் கிடையாது. முன்கூட்டியே அருகிலுள்ள சர்வர்களில் நகலெடுத்து வைக்கலாம். பார்ப்பவர்களும் ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள். ஆட்டத்துக்கோ எல்லாரும் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டுகிறார்கள்.

2019 ஜூலை, கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்தின் ஸ்கோரை இந்தியா துரத்த, இணைய ஒளிபரப்புச் சேவையான ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர். தோனி ரன் அவுட். கூட்டம் மளமளவெனக் கலைந்தது. கூட்டம் குறைந்தால் நிம்மதி என்று நினைப்போம். பொறியாளர்களுக்கு அதுவே அடுத்த தலைவலி. செயலியை மூடாமல் பின்செல்லும் பொத்தானை அழுத்துபவர்கள், படங்களும் தொடர்களும் அடுக்கியிருக்கும் முகப்புப் பக்கத்தில் மொத்தமாய் வந்து விழுவார்கள். அதற்கும் சர்வர்கள் தயாராக இருக்க வேண்டும்.

இத்தனை தலைவலி தந்தாலும் சந்தாதாரர்களை இழுப்பது ஆட்டம்தான். 2023இல் ஐபிஎல் கிரிக்கெட்டின் இணைய உரிமை ஹாட்ஸ்டாரிடமிருந்து போட்டிச் சேவையான ஜியோசினிமாவுக்குப் போனது. ஓராண்டில் ஹாட்ஸ்டார் 2 கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்களை இழந்தது.

அதனால்தானோ என்னவோ, மலேசியாவில் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான அஸ்ட்ரோ 2021இல் சூக்கா என்ற இணைய ஒளிபரப்புச் செயலியைத் தொடங்கியபோதே நாடகங்களோடு நேரலை விளையாட்டையும் சேர்த்துக்கொண்டது.