பழைய வீட்டின் ஓடுகளை இறக்குமுன்

"சுவாமி, ஓடெல்லாத்தையும் இறக்கிப்போட்டு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டால் மாரிக்கு முந்திக் குடிபுகலாம் எண்டு மேசன் சொல்லுறார். என்ன செய்வம்?"

வலிகாமம் வடக்கில் 1990 ஆனியில் விட்டுப்போன காணிக்குப் பல ஆண்டுகளின் பின் திரும்பிய கமக்காரர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். தகப்பனார் கட்டிய வீடு. சுவர்கள் நின்றன. கூரையின் மேற்குப் பக்கம் அமர்ந்துபோய், வேப்பங்கிளை ஒன்று குசினிக்குள் இறங்கியிருந்தது. மேசன் சொன்ன தொகையைக் கொடுத்தால் அந்தப் போகத்து வெங்காயச் செய்கைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். (ஏறுமுன் ஒரு சொல்: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணியில் இடிபாட்டைக் கிளறாதீர்கள். ஐயமான பொருள் கண்டால் கை வைக்காமல் அறிவியுங்கள்.)

அங்கே கண்டது இதுதான். ஓடு பழுதில்லை, மரம்தான் பழுது. ஒழுக்கு என்றவுடன் நாம் ஓட்டைக் குறை சொல்கிறோம். நன்றாகச் சுட்ட ஓடு, தன்னைத் தாங்கும் மரத்தைவிட நெடுங்காலம் இருக்கும். அந்த வீட்டில் பனங்கைமரங்கள் நடுவில் வைரமாகவே இருந்தன. சுவருக்குள் புதைந்த நுனிகளை மட்டும் ஈரமும் கறையானும் தின்றிருந்தன. இரண்டு கூரைகள் சந்திக்கும் பீலித் தகடும் கறள் பிடித்து ஓட்டையாகியிருந்தது. தண்ணீர் இறங்கிய வழி அதுதான்.

ஒவ்வோர் ஓட்டையும் விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாகச் சத்தமிட்டால் வெடிப்பு உண்டு. சலாகையில் கொளுவும் பின்புற மூக்கு உடைந்ததைப் புறம்பாக வையுங்கள். பாசியைத் தும்புத் தூரிகையால் தேய்த்தாலே போதும். அவ்வீட்டில் நான்கில் மூன்று பங்கு ஓடு திரும்பவும் பாவிக்கக்கூடியதாக இருந்தது. இறக்கிய ஓடுகளை நிலத்தில் படுக்கையாகக் குவிக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குங்கள்.

கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் சொல்லும் இந்த வகையை, 1865 இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கி முதலில் செய்தவர்கள் பாசல் மிஷனார். பழைய ஓடுகளின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலை முத்திரையைக் காணலாம். அதைப் பார்ப்பது வெறும் விடுப்புக்காக அல்ல. வெவ்வேறு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. முத்திரை பார்த்து இனம் பிரித்தால் பிறகு தொல்லை குறையும்.

நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 140 ஓடுகள் வேண்டும். ஓர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல். அப்படியானால் 600 சதுர அடிக் கூரையில் ஏறக்குறைய இரண்டு தொன் பாரம் இருக்கிறது. ஆகவே மரத்தில் சிக்கனம் பிடிக்கக்கூடாது. இற்ற நுனியை அறுத்துவிட்டு, பக்கத்தில் நல்ல மரத்தை நீளமாக அணைத்து ஆணிபூட்டி இறுக்கலாம். முழுக் கைமரத்தையும் மாற்றத் தேவையில்லை. சலாகை அடிக்குமுன் உங்கள் ஓட்டையே வைத்து இடைவெளியை அளவெடுங்கள். ஓடு பரவும்போது இரு பக்கமும் சமமாக ஏற்றி வாருங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கூரைச்சட்டம் சாய்ந்துவிடும். முகட்டு ஓட்டுக்குச் சீமெந்தை அதிகம் போடுவது நம் மேசன்மாரின் பழக்கம். அது வெடிக்கும், வெடிப்பால் நீர் இறங்கும். சுண்ணாம்பு கலந்த மென்சாந்து நல்லது.

சீற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அது மலிவு, விரைவு. வாடகை வீட்டில் கிடந்து அலுத்தவர்கள் அதை நாடுவதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அஸ்பெஸ்ரஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் வரலாம். நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில் 1987 இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகையையும் படிப்படியாக நிறுத்த அரசு பின்னர் தீர்மானித்தது. 2017 மார்கழியில் ரஷ்யா நம் தேயிலைக்குத் தடைபோட்டதும் அத்தீர்மானம் தளர்ந்தது. அஸ்பெஸ்ரஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. குண்டுபட்டு நொறுங்கிய பழைய சீற் உங்கள் வளவில் கிடந்தால் உலர்ந்தபடி கூட்டாதீர்கள், உடைக்காதீர்கள். நனைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு எடுத்து, பொலித்தீனில் சுற்றி, பிள்ளைகளும் மண்வெட்டியும் போகாத இடத்தில் ஆழப் புதையுங்கள். கோழிக்கூட்டுக்கும் வேண்டாம்.

காற்றையும் மறக்கலாகாது. 1978 கார்த்திகைச் சூறாவளியில் மட்டக்களப்புப் பக்கம் எத்தனை கூரைகள் பறந்தன என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். ஓட்டுக்கூரையிலும் இறவாணத்து வரிசைகளைக் கம்பியால் சலாகையோடு கட்டுங்கள்.

அந்தக் கமக்காரர் ஓடுகளை வைத்துக்கொண்டார். குறைந்த ஓடுகளை, இடிந்துபோன அயல்வீட்டுக் குவியலிலிருந்து, உரித்தாளரைக் கேட்டு வாங்கினார். அவை முத்திரை வேறு. ஒரு விரல் அகலம் கூட. அவற்றைக் குசினிக்கு மட்டும் போட்டோம். மரத்துக்கும் தச்சருக்கும் செலவானது மேசன் கேட்டதில் பாதிக்கும் குறைவு. மிஞ்சிய நாற்பது ஓடுகள் கிணற்றடிச் சுவரோடு விளிம்பில் நிற்கின்றன.