ஆறு ரூபாய்க் கூலியும் பத்து ரூபாய்க் கூலியும்

பூரி பாய் போபாலுக்குப் போனது கல்லும் மண்ணும் சுமக்க. மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா மாவட்டத்துப் பிட்டோல் அவருடைய ஊர். பில் பழங்குடிப் பெண். 1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலைமையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவருக்கு நாட்கூலி ஆறு ரூபாய்.

மையத்தில் பொறுப்பாக இருந்தவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். வேலைக்கு வந்த பெண்களிடம், வீட்டுச் சுவரில் வரைவதைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னார். படம் கீறிக்கொண்டிருந்தால் அன்றைய கூலி என்னாவது? நாளொன்றுக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார் சுவாமிநாதன். உள்ளே போய் உட்காரப் பயந்த பூரி பாய், வெளியே இருந்து வரைந்து கொடுத்தார்.

நான் இலங்கையில் கல்முனைக்குடியில் தோணிக்கும் படகுக்கும் பெயின்ட் அடிக்கிறவன். பெயர் எழுதுவேன், கேட்டால் மீனோ பிறையோ போட்டுக்கொடுப்பேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. அதனாலோ என்னவோ, இந்தக் கதையில் என்னை முதலில் பிடித்தது அந்த நாலு ரூபாய் வித்தியாசம்தான்.

அடுத்தது சாயம். பூரி பாயின் ஊரில் நிறம் வேண்டுமென்றால் தேடித்தான் எடுக்க வேண்டும்: செம்மண், வெள்ளை மண், அவரை இலையைக் கசக்கிப் பச்சை, ரொட்டிச் சட்டியின் அடிக்கரி கறுப்பு. பாரத் பவனில் அது போத்தலில் ஆயத்தமாக இருந்தது. தூரிகையைத் தோய்த்து இழுத்தால் கோடு பளிச்சென்று விழுகிறது. பில் பெண்களில் தாளிலும் கித்தானிலும் முதலில் வரைந்தவர் இவர் என்று சொல்கிறார்கள்.

அவருடைய படத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முதலில் மானோ மயிலோ மரமோ ஒரே நிறத்தில் தட்டையாக நிரம்பும். அதன் மேல் புள்ளி, வரிசை வரிசையாக. சோளமணி போல என்று சொல்வதுண்டு. தொழில்காரன் கண்ணுக்குத் தெரிகிறது: கீழ்ப்பூச்சு காயாமல் புள்ளி வைத்தால் நிறம் கலங்கிவிடும். பொறுமை இல்லாதவருக்கு ஆகாத வேலை. நிழல் இல்லை, தூரம் கிட்டம் இல்லை. என்னிடம் வருகிற படகுக்காரரும் அப்படித்தான், “காக்கா, மீனக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க” என்பார். படகை விட மீன் பெரிதானாலும் அவருக்குக் குறையில்லை.

பில் சமூகத்தின் விதியும் உண்டு. பிதோரா என்ற சடங்கு ஓவியத்தின் குதிரையைப் பெண்கள் வரையக் கூடாது. அது ஆண்களின் சடங்கு. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரைந்தார் பூரி பாய். பிறகு அவர் படங்களில் பஸ்ஸும் விமானமும் வந்து சேர்ந்தன.

1986-87இல் மாநில அரசின் சிகர் சம்மான் விருது. பின்னர் போபாலில் பழங்குடிக் கலை நிறுவனத்தில் ஓவியராகவே வேலை. 2021இல் பத்மஸ்ரீ. விருதுகளை விட அந்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் அப்படி ஒன்று கிடைக்காத ஒருவர், ஆல்பிரட் வாலிஸ் என்ற கடலோடி, இங்கிலாந்தில் இருந்தார். 1922இல் மனைவி இறந்த பிறகு, வயது அறுபதைத் தாண்டித்தான், வரையத் தொடங்கினார். கிழித்த அட்டையில் கப்பல் பெயின்ட். நமக்குப் பழகிய சாமான்தான். 1928இல் ஓவியர்கள் பென் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட்டும் அவரைக் கண்டு வியந்தார்கள். வியந்தவர்கள் சில்லறைக் காசுக்குப் படங்களை வாங்கினார்கள். 1942இல் அவர் கண்ணை மூடியது ஏழைகள் விடுதியில். அவருடைய படங்கள் இன்று கேம்பிரிட்ஜில் கெட்டில்ஸ் யார்டின் சுவரில் தொங்குகின்றன.

கண்டெடுத்தவர்கள் இரு பக்கமும் ஓவியர்கள்தான். ரசனையில் யாரும் குறைந்தவரில்லை. சுவாமிநாதன் மட்டும் கூலியைப் பற்றியும் பேசினார். பூரி பாயோடு அதே கட்டடத்தில் கூலிக்கு நின்ற லாடோ பாயும் பிற்பாடு ஓவியரானார்.