டீசல் எங்கே ஆவியாகிறது?

மேட்டில் ஏறும் பழைய லாரிக்குப் பின்னால் கரும்புகை கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுதும் எரியாத டீசலின் கரித்துகள். அது எங்கே பிறக்கிறது? இரும்புச் சுவருக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே! அதே காரணத்தால் இங்கே காற்றின் வெப்பநிலை 600 டிகிரி செல்சியசையும் தாண்டும். அதனுள் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள துளை வழியே, நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் டீசல் பீறிடுகிறது.

அமெரிக்காவில் லிவர்மோர் நகரிலுள்ள சாண்டியா ஆய்வுக்கூடத்தில் ஜான் டெக் என்பவர் குவார்ட்ஸ் ஜன்னல்கள் வைத்த எஞ்சினில் இதை ஆராய்ந்தார். லேசர் கற்றையை வில்லைகளால் காகிதம்போல் மெல்லிய ஒளித்தகடாக்கித் தாரையின் நடுவே பாய்ச்சினார். ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் விழும் வெயிலில் தூசு மின்னுமல்லவா? அப்படியே டீசல் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். ஆவியோ அநேகமாகச் சிதறடிப்பதில்லை. பக்கவாட்டில் உள்ள காமிரா பளிச்சென்று காட்டும் இடமே திரவம். லேசர் துடிப்பு நொடியில் நூறு கோடியில் சில பங்கே நீடிப்பதால், அத்தனை வேகத்திலும் படம் கலங்குவதில்லை.

துளிகள் நெடுந்தூரம் பறந்து, தனித்தனியே எரிகின்றன என்றே முன்பு பலர் எண்ணியிருந்தனர். படமோ, சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்கு அப்பால் திரவமே இல்லை என்றது! அதற்கப்பால் ஆவியும் காற்றும்தான். கரித்துகளும் தாரையின் ஓரத்தில் மட்டுமின்றி, முன்பகுதியின் உள்ளே முழுதும் பரவியிருந்தது. 1997இல் இம்முடிவுகளை அவர் தொகுத்து வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு அதே ஆய்வுக்கூடத்தின் டெனிஸ் சீபர்ஸ் கண்டது இன்னும் வேடிக்கை. பீச்சும் அழுத்தத்தைக் கூட்டினாலும் திரவத்தின் நீளம் அநேகமாக மாறவில்லை. ஏன்? வேகம் இரட்டித்தால் நொடிக்கு வரும் டீசலும் இரட்டிக்கும். ஆனால் அது உள்ளிழுக்கும் சூடான காற்றும் இரட்டிக்கும். கணக்கு சரியாகிவிடுகிறது.

துளையின் விட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பரப்பு கால் பங்காவதால் டீசலும் கால் பங்கு. தாரை பக்கங்களிலிருந்து இழுக்கும் காற்றோ பாதியாகத்தான் குறையும். ஆக, ஒவ்வொரு சொட்டுக்கும் இருமடங்கு சூடான காற்று! திரவ நீளம் பாதியாகிறது.

பிஸ்டனின் குழிவு அருகிலேயே இருக்கிறது. திரவம் அதில் போய் ஒட்டினால் சரியாக எரியாது, புகைதான். துளையைச் சிறிதாக்கினால் அது தவிர்க்கப்படும். ஆனால் அதே அளவு டீசலை அதே நேரத்தில் செலுத்த வேண்டுமே! அதற்குத்தான் கூடுதல் துளைகளும் கூடுதல் அழுத்தமும் தேவைப்படுகின்றன.