இரத்த அழுத்தம் சீராகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரிடமும் செவிலியரிடமும் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. சிலர் கேட்பதே இல்லை. பரிசோதனையில் 126/80 என்று வந்த அன்றே மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். கேட்காமலே நிறுத்துவோரையும் அவர்களது குடும்பத்தினரையும் மனத்திற்கொண்டு இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

மாத்திரை உட்கொள்ளும் நாள்களில் அளவு சீராக இருப்பதன் பொருள், மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதாகும். நோய் நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பெரும்பாலானோரிடம் இரத்த அழுத்தம் உயர்வதற்குத் தனியொரு காரணம் இல்லை. வயது, மரபு, உப்பு, உடல் எடை, இரத்தக் குழாய்களின் இறுக்கம் ஆகியவை சேர்ந்தே அதனை உயர்த்துகின்றன. இக்காரணங்கள் நீடிக்கும்வரை மருந்தும் தொடர வேண்டியுள்ளது. எடை நன்கு குறைந்து, உணவிலும் உடற்பயிற்சியிலும் மாற்றம் நிலைத்த பின்னர்ச் சிலருக்கு மருத்துவர் மருந்தின் அளவைக் குறைப்பதுண்டு. அம்முடிவை மருத்துவர் பலமுறை அளந்து பார்த்த பின்னரே எடுப்பார்.

இங்கு ஓர் ஏமாற்றம் ஒளிந்திருப்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பலருக்கும் தரப்படும் அம்லோடிபின் மாத்திரை உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே, நிறுத்திய இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ அளந்து பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ‘மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறது’ என்ற தவறான முடிவுக்கு வர இதுவே போதும். அழுத்தம் அதன்பின் வரும் நாள்களிலும் வாரங்களிலும் ஏறும். அப்போது அளந்து பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. அட்டினோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்ற மருந்துகளின் நிலை வேறு. அவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமோ இதயத் துடிப்போ சட்டென உயரக்கூடும். இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது.

தலை சுற்றினால்தான் பிரஷரா?

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலியோ தலைசுற்றலோ வரும் நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. தலைவலிக்குப் பசியும் தூக்கமின்மையும் வெயிலும்கூடக் காரணமாகலாம். அழுத்தம் 170 ஆக இருக்கும்போதும் ஒருவர் எவ்விதத் தொல்லையும் உணராமல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முழு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். உங்கள் அளவை இயந்திரத்தால் மட்டுமே அறிய முடியும்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தொற்றா நோய்க் காரணிகள் குறித்த ஆய்வில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. நோய் இருப்பதை அறியாதவர், அறிந்தும் சிகிச்சை தொடங்காதவர், தொடங்கி இடையில் விட்டவர் என மற்றவர்கள் பல நிலைகளில் நிற்கின்றனர். இவர்களுள் இடையில் விட்டவரை மீட்பதே எளிது. அவர் ஏற்கெனவே ஒருமுறை மருத்துவமனை வாசலை மிதித்தவர்.

சிகிச்சையைத் தொடர்வதால் கிடைக்கும் பயன் சிறிதன்று. 123 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, மேல் அளவு 10 புள்ளிகள் குறையும்போது பக்கவாதத்திற்கான வாய்ப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைகிறது. குடும்பத்தில் வருவாய் ஈட்டும் ஒருவரது வலக்கையும் பேச்சும் முடங்கினால் என்ன நேரும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் எடை புரியும்.

உங்களுக்கு நீங்களே ஒரு சிறு தேர்வு வைத்துப் பாருங்கள். கடைசியாக அளந்தபோது உங்கள் இரு அளவுகளும் எவ்வளவு? எந்த அளவுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார்? (பெரும்பாலோருக்கு 140/90-க்குக் கீழ். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாக இலக்கு வைக்கப்படலாம்.) மாத்திரையின் பெயர் என்ன? ‘வெள்ளையாக, சின்னதாக இருக்கும்’ என்பது விடையாகாது. அரசு மருத்துவமனைகளில் தரப்படும் மாத்திரையின் உற்பத்தி நிறுவனம் மாறும்போது நிறமும் வடிவமும் மாறக்கூடும். பெயர் அறியாதவர் புதிய மாத்திரையை வேறு மருந்தென எண்ணி ஒதுக்கிவிடுகிறார். அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து உட்கொள்கிறார். இரண்டுமே தீங்கானவை. அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் வேலையும் மாத்திரை நேரமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் சிகிச்சை விட்டுப்போவதற்கு மறதியைவிட வேலை நேரமே பெரிய காரணமாகலாம். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட் என்று மாறும் ஒருவருக்கு ‘காலையில் ஒன்று’ என்ற சீட்டு குழப்பத்தையே தரும். நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்வது என்பது பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், காலையில் உட்கொண்டவர்களுக்கும் மாலையில் உட்கொண்டவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எல்லா ஷிப்டிலும் நீங்கள் தவறாமல் வீட்டிலிருக்கும் ஒரு வேளையை மருத்துவரிடம் கூறி, அதனை உங்கள் மாத்திரை நேரமாக வைத்துக்கொள்ளலாம். ஒருவேளை மறந்துவிட்டால், அதே நாளில் நினைவு வந்ததும் உட்கொள்ளவும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடவும். ஈடுசெய்வதற்காக இரண்டாகச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.

வேலைக்காகவோ வாடகைக்காகவோ வீடு மாறுவதும் இங்கு வழக்கமே. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியிலும், ஆவடி தனி மாநகராட்சியிலும், பூந்தமல்லி நகராட்சியிலும் அடங்கும். எந்த எல்லையில் குடியேறினாலும், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய குறிப்பேட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால் மருந்து கட்டணமின்றித் தொடரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மருத்துவமனைக்கு வர இயலாதவர்களின் வீட்டிற்கே மாத்திரைகள் கொண்டுவரப்படுகின்றன. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே பெறலாம்.

தொல்லை தந்தால் சொல்லுங்கள்

மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சிப் பக்கவிளைவை மறைத்து, மாத்திரையையும் சத்தமின்றி நிறுத்துவோர் உள்ளனர். இதனால் இழப்பு நோயாளிக்கே. அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் வரலாம். எனலாப்ரில் உட்கொள்வோரில் சிலருக்கு வறட்டு இருமல் தொடரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்வோருக்கு இது உண்மையான சங்கடமே. இவை ஒவ்வொன்றிற்கும் மாற்று மருந்தோ அளவு மாற்றமோ உண்டு. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் அதனை முன்கூட்டியே தெரிவிப்பது மிக இன்றியமையாதது. எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை கருவிற்குத் தீங்கு விளைவிப்பவை.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் ஆகியவை இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அழுத்த மாத்திரைகளுடன் சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். மாத்திரை ஒழுங்காக உட்கொண்டும் அளவு குறையவில்லையெனில், இதனையும் உணவிலுள்ள உப்பையும் முதலில் எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாமல், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். இந்துப்பும் உப்பே.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ‘மாத்திரை போட்டாயா?’ என்று நாள்தோறும் கேட்டால் ‘போட்டேன்’ என்ற விடையே கிடைக்கும். வாரம் ஒருமுறை அட்டையில் எஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். கணவருக்கும் மாமியாருக்கும் நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தமது மாத்திரையை மறந்துவிடும் பெண்களின் அட்டையையும் யாரேனும் எண்ண வேண்டும்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், கூடுதலாக மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்து, சிகிச்சைக் குறிப்பேட்டையும் மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.