கட்டுமான ஒப்பந்தங்களில் இடர் மேலாண்மை

கட்டுமான இடர் மேலாண்மை என்பது ஒரு கட்டுமானத் திட்டத்தின் செலவு, காலம், தரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பாதிக்கக்கூடிய நிகழ்வுகளை ஒப்பந்த நிறுவனம் முன்கூட்டியே இனங்கண்டு, மதிப்பிட்டு, கையாளும் முறையாகும். ஓர் இடரைக் கட்டுப்படுத்த வல்லவரே அதன் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது இதன் அடிப்படைக் கொள்கை.

இடர்களின் வகைகள்

* இயற்கை இடர்கள்: மழை, வெள்ளம், எதிர்பாராத மண் தன்மை
* பொருளியல் இடர்கள்: சிமெந்து, இரும்பு, எரிபொருள் விலையேற்றம், பட்டியல் தொகை தாமதமாகக் கிடைத்தல்
* நிர்வாக இடர்கள்: நில எடுப்பு, அனுமதிகள், வழக்குகள்
* பாதுகாப்பு இடர்கள்: பணியிட விபத்துகள், கட்டமைப்புச் சரிவு. 2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர்.

கையாளும் முறைகள்

இனங்கண்ட இடர்கள், அவை நிகழும் வாய்ப்பும் விளைவும் குறிக்கப்பட்டு, இடர் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. பின்னர் ஒவ்வோர் இடரையும் தவிர்த்தல், குறைத்தல், பிறருக்கு மாற்றுதல், ஏற்றல் என்னும் நான்கு வழிகளில் ஒன்று தெரிவு செய்யப்படுகிறது. காப்பீடு எடுப்பது இடரை மாற்றும் வழி. அவசரச் செலவுக்கு நிதி ஒதுக்குவது ஏற்கும் வழி. விலை மாற்றப் பிரிவு, கால நீட்டிப்புப் பிரிவு ஆகியவை இடரை இரு தரப்புக்கும் பகிர்கின்றன. தாமதத்துக்கான இழப்பீடு ஒப்பந்தத்தில் குறித்த தொகையை மீறக்கூடாது என இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவு வரையறுக்கிறது.

களியக்காவிளை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலை

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பகுதியிலிருந்து கன்னியாகுமரி நோக்கி அமைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் (முன்னர் 47) நான்குவழிப் பாதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இப்பாதை வயல்களையும் நீர்நிலைகளையும் கடந்து செல்வதால் உயரமான மண் கரைகள் தேவைப்பட்டன. குன்றுகளிலும் குளங்களிலும் மண் எடுக்க அரசு அனுமதி வேண்டும். 2010-களில் தொடங்கிய பணி நிரப்பு மண் தட்டுப்பாட்டால் தேங்கியது. 2020-களில் எஞ்சிய பணிக்கு மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டமாதலால் மண் வேலைக்குரிய உலர் மாதங்களும் குறைவு.

இவ்விடரின் அளவை ஒரு கற்பனைக் கணக்கால் அறியலாம். 1 கி.மீ. நீளம், 25 மீ. சராசரி அகலம், 4 மீ. உயரம் கொண்ட கரைக்கு 1,00,000 கன மீட்டர் மண் தேவை. தொலைவிலிருந்து கொண்டுவருவதால் கன மீட்டருக்கு 200 ரூபாய் கூடினால் கூடுதல் செலவு 2 கோடி ரூபாய். 40 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் 5 விழுக்காடு இலாபம் எதிர்பார்த்த நிறுவனத்தின் முழு இலாபமும் இதில் கரைந்துவிடும்.

மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் மண்ணைத் தேடும் பொறுப்பு பொதுவாக ஒப்பந்ததாரருடையது. அனுமதி வழங்கும் அதிகாரமோ அரசுடையது. ஆகவே மண் கிடைக்கும் இடம், அளவு, அனுமதியின் நிலை ஆகியவற்றை விலை குறிப்பதற்கு முன்பே ஆராய்வதும், அனுமதித் தாமதத்துக்குக் கால நீட்டிப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதும் இன்றியமையாதவை.